இலங்கை மலையகத்தில் காற்று மின்சாரம்: அரசுச் சலுகைகளைத் தேடிப் போவதற்கு முன்

அம்பேவெலப் பால் பண்ணைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மேய்ச்சல் புல்வெளிக்கு மேலே பன்னிரண்டு காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 250 கிலோவாட், மொத்தம் 3 மெகாவாட். அங்கே நின்று படம் எடுக்கும் நம் பிள்ளைகள் திரும்பி வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "நம்ம தோட்டத்து மலையிலயும் இதே காத்துதானே அடிக்குது, நாமளும் ஒண்ணு வச்சா அரசாங்கம் காசு குடுக்காதா?"

நான் வயரிங் வேலை செய்கிறவன். சோலார் வேலைக்கும் போவதுண்டு. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, அவர்களோடு அலுவலகப் படிகளும் ஏறியிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை ஒழுங்காக எழுதி வைத்தால் அடுத்தவருக்கு அலைச்சல் குறையும் என்றுதான் இதை எழுதுகிறேன். காசு இருக்கிறதா என்பதைவிட, அந்தக் காசைப் பெறும் காகிதம் நம் கையில் இருக்கிறதா என்பதே மலையகத்தில் பெரிய கேள்வி. ஆகவே இந்த வழிகாட்டி காற்றாடி பற்றிப் பேசுவதைவிடக் காகிதம் பற்றிக் கூடுதலாகப் பேசும்.

சலுகை என்று எதைச் சொல்கிறார்கள்?

காற்றாலை வாங்குகிற வீட்டுக்காரர் கையில் அரசாங்கம் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மானியம் வாங்கித் தாறேன், ஐயாயிரம் குடுங்க" என்று லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வருகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்துவிடாதீர்கள்.

சலுகை வேறு உருவங்களில் வருகிறது. நீங்கள் செய்யும் மின்சாரத்தை அரசின் கம்பியில் ஏற்றிக் கணக்கில் வரவு வைக்கும் உரிமை ஒன்று. நீண்ட காலத்துக்கு நிச்சயமான விலை சொல்லும் ஒப்பந்தம் இன்னொன்று. அதன் பிறகு வட்டி குறைந்த கடன், இறக்குமதி வரியில் கிடைக்கக்கூடிய குறைப்பு. இவை எல்லாமே ஒரு மீட்டருக்கோ, ஒரு காணிக்கோ, ஒரு அனுமதிப் பத்திரத்துக்கோ கட்டுப்பட்டவை.

இந்த முறை எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் அலுவலகத்தில் பேச இலகுவாக இருக்கும். 1996ல் சிறிய மின் நிலையங்களுக்கென்று ஒரே மாதிரியான கொள்வனவு ஒப்பந்தம் வந்தது. 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட யாரும் அந்த ஒப்பந்தத்தில் மின்சார சபைக்கு விற்க முடிந்தது. டிக் ஓயாவில் தொடங்கி நம் ஆறுகளில் சிறு நீர்மின் நிலையங்கள் வந்தது இதனால்தான். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபேறான வலுசக்தி அதிகார சபையை உருவாக்கியது. சிங்களத்தில் "சுனித்ய பலசக்தி" என்று கேட்டால்தான் பலருக்குப் புரியும். காற்றையும் நீரையும் வெயிலையும் மின்சாரமாக்கி விற்கும் அனுமதியை வழங்குவது இந்தச் சபைதான்.

அதே காலத்தில் விலை முறையும் மாறியது. எந்தத் தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு செலவோ அதற்கேற்ற விலை, அதுவும் மூன்று கட்டமாக: முதல் 8 வருடத்துக்கு ஒன்று, 9 முதல் 15 வரை ஒன்று, 16 முதல் 20 வரை ஒன்று. முதல் எட்டு வருடம் விலை கூடுதலாக இருந்ததற்குக் காரணம் வங்கிக் கடன். கடன் அடைபடும் வரை கை கொடுத்து, பிறகு விலையைக் குறைத்தார்கள். வேண்டுமானால் இருபது வருடத்துக்கும் ஒரே விலை என்றும் எடுக்க முடிந்தது. கற்பிட்டிக் கரையில் வரிசையாகக் காற்றாலைகள் எழுந்தது இந்த விலையை நம்பித்தான். அரசு நிச்சயமான விலை சொன்னால் முதல் போட ஆள் வரும் என்பதை அந்தக் கரையே காட்டியது.

அந்தக் கதவு இப்போது முன்போல் திறந்து இல்லை. பெரிய காற்றாலைகளுக்கு இன்று கேள்விப் பத்திரம்தான் வழி, குறைந்த விலை கேட்பவருக்கே வேலை. மன்னாரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே மின்சார சபையின் சொந்தக் காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் கட்டிய 103.5 மெகாவாட், 30 காற்றாலைகள். அதன் பிறகு அதானி நிறுவனத்துடன் ஒரு யூனிட் 8.26 அமெரிக்க சதம் என்று பேசி முடித்தார்கள். விலை கூடுதல் என்ற சர்ச்சை கிளம்பி, அந்த நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டில் இன்னொரு 50 மெகாவாட் திட்டம் போட்டி விலையில் 4.65 சதத்துக்குப் போனது. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் யூனிட் ஏறக்குறைய 14 ரூபா.

இந்த எண்ணை மனதில் வையுங்கள். மலையுச்சியில் ஒன்றிரண்டு சின்னக் காற்றாலை வைத்து 14 ரூபாவுக்கு மின்சாரம் விற்க யாராலும் முடியாது. விற்று இலாபம் பார்க்கும் கனவோடு வருகிறவரை நான் முதலில் உட்கார வைத்து இதைத்தான் சொல்வேன். நமக்குப் பொருந்துவது சொந்தப் பாவனைக்கு உற்பத்தி செய்து கரண்ட் பில்லைக் குறைப்பது. ஒரு யூனிட்டுக்கு உங்களிடம் அறவிடுவது எவ்வளவோ அவ்வளவும் மிச்சம். கடை, பேக்கரி, பால் சேகரிப்பு நிலையம், சின்ன ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வீட்டைவிட நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அவர்கள் கட்டும் பில் பெரியது.

முதல் வேலை: மீட்டர் யார் பேரில்?

அலுவலகத்தில் முதல் கேள்வி இதுதான். தலவாக்கலைப் பக்கம் ஒரு தம்பியோடு போயிருந்தேன். எழுதுவினைஞர் கேட்டார்.

"பில் யாரு பேர்ல வருது?"

"எங்க தாத்தா பேர்ல, மேடம்."

"தாத்தா இருக்காரா?"

"இல்ல மேடம், தவறி பதினோரு வருஷம்."

அன்றைக்கு வேலை அத்தோடு முடிந்தது. பெயர் மாற்ற மட்டும் நாலு மாதம் ஆனது. மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம், மற்றப் பிள்ளைகளின் சம்மதம், அதற்கு மேல் அந்த வீடு நிற்கும் நிலம் தோட்டத்துடையது என்பதால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம்.

ஆகவே காற்றாடி பற்றி யோசிக்கும் நாளிலேயே கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள பெயரும் உங்கள் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா? நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பில்லில் வேறொரு எழுத்து. அதைத் திருத்தாமல் எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகாது. சில தோட்டங்களில் லயத்துக்குப் பொதுவான இணைப்பு ஒன்றிருந்து, வீட்டுக்கு உபமீட்டர் போட்டிருப்பார்கள். அப்படியானால் உங்களுக்கு நேரடி இணைப்பே இல்லை. முதலில் தனி மீட்டருக்கு விண்ணப்பியுங்கள்.

மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வந்து, 2025ல் அது திருத்தப்பட்டது. பலகையில் பெயர் மாறலாம். நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் பகுதியில் பில் கொடுக்கும் அந்த மின் பொறியியலாளர் அலுவலகம்தான்.

நிலம்

இதுதான் நம்முடைய பழைய புண். தேயிலை நிலத்தின் சொந்தக்காரர் அரசு. 1992ல் தனியார்மயம் வந்தபோது பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு அது நீண்ட காலக் குத்தகைக்குப் போனது. அரச பெருந்தோட்ட யாக்கமும் ஜனவசம என்ற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் இன்னும் சில தோட்டங்களை நேரடியாக நடத்துகின்றன. நடுவில் இருநூறு வருடமாகக் குடியிருக்கும் நமக்கு, பலருக்கு, வீட்டைச் சுற்றி ஒரு அடி நிலத்துக்கும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லை.

காற்றாலைக்கு நிலம் வேண்டும். கூரையில் அடங்குகிற வேலை இது இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆகவே உங்கள் நிலைமை இவற்றில் எது என்று பாருங்கள்.

ஏழு பேர்ச்சோ பத்து பேர்ச்சோ உறுதியோடு கிடைத்த புது வீடு என்றால், உறுதியின் பிரதியும் நில அளவைப் படமும் எடுத்து வையுங்கள். ஆனால் உயரமான கம்பத்தையும் அதை இழுத்துக் கட்டும் கம்பிகளையும் ஏழு பேர்ச்சுக்குள் நிறுத்தினால், அது சரிந்தால் பக்கத்து வீட்டின் மேல் விழும். அங்கே காற்றாலையை நான் சிபாரிசு செய்வதில்லை. கூரைச் சோலாருக்கு அந்த வீடு தாராளமாகப் போதும்.

லயத்து வீடு என்றால் தோட்ட முகாமையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். கேட்கும்போது வாயால் கேட்காதீர்கள். எங்கே, எத்தனை அடி உயரம், யார் பொறுப்பு என்று வரைபடத்தோடு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். துரை (முகாமையாளர்) "பார்க்கலாம்" என்பார். கம்பனியின் கொழும்பு அலுவலகத்துக்கும் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குத்தகைக்காரர் தன் குத்தகை நிபந்தனையைத் தாண்டி உங்களுக்கு நீண்ட கால உரிமை தர முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நகரக் கடையோ, கிராமத்துச் சொந்தக் காணியோ உள்ளவர்களுக்குப் பிரச்சினை குறைவு. பிரதேச சபையின் கட்டட அனுமதி போதுமா என்று அங்கேயே கேளுங்கள், கம்பத்தின் உயரத்தைச் சொல்லித்தான் கேளுங்கள்.

மண்சரிவு விஷயத்தில் யாருக்கும் விலக்கு இல்லை. கொஸ்லந்த மீரியபெத்தையை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் மூடியது. நம்மில் அதை மறந்தவர் எவரும் இருக்க முடியாது. சரிவில் குழி தோண்டிக் கொங்கிரீட் போடுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் இட அறிக்கை கேளுங்கள். அறிக்கை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அந்த இடத்தில் எவ்வளவு காற்று அடித்தாலும் சரி.

காற்றை அளந்து பாருங்கள்

அமெரிக்காவின் தேசிய மீள்புதுப்பிக்கத்தக்க வலு ஆய்வுகூடம் 2003ல் இலங்கைக்குக் காற்று வரைபடம் வெளியிட்டது. வடமேற்குக் கரையோரத்தோடு மத்திய மலைநாடும், ஊவா, சப்ரகமுவவின் சில பகுதிகளும் நல்ல காற்று உள்ள இடங்களாக அதில் குறிக்கப்பட்டன. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 20,000 மெகாவாட் சாத்தியம் என்றது அந்தக் கணக்கு. இதைக் காட்டித்தான் வியாபாரிகள் நம்மிடம் விற்கிறார்கள். ஆனால் வரைபடம் முழு மலைக்குப் பேசும், உங்கள் வீட்டு முற்றத்துக்குப் பேசாது. மலையில் நூறு யார் தள்ளினால் காற்று வேறு.

அப்புத்தளைப் பக்கம் ஒரு இளைஞர் சங்கம் சேர்த்த பணத்தில் ஒரு கிலோவாட் காற்றாடி வாங்கினார்கள். விற்றவர் வந்து, படிப்பு அறையின் தகரக் கூரையிலேயே இரும்புக் குழாய் நட்டுப் பூட்டிவிட்டுப் போனார். காற்று அடிக்கும்போது கூரை முழுவதும் உறுமும், உள்ளே பிள்ளைகளால் படிக்க முடியாது. சுற்றிலும் சவுக்கு மரம், டர்பண்டைன் மரம். காற்றாடி ஒரு பக்கம் திரும்பும், மறு பக்கம் திரும்பும், சுற்றாது. என்னைக் கூப்பிட்ட நாளில் பார்த்தேன், மூன்று மாதத்தில் உற்பத்தியானது ஒரு வீட்டின் ஒரு வாரப் பாவனைக்கும் வராது. காற்று இல்லாத இடமல்ல அது, கச்சான் காற்று அடித்தால் தகரம் பறக்கும் இடம். காற்றாடி நின்ற உயரம்தான் பிழை.

ஆகவே இதைச் செய்யுங்கள். நீங்கள் நினைக்கும் இடத்தைச் சுற்றி 500 அடிக்குள் உள்ள மிக உயர்ந்த மரம் அல்லது கட்டடம் எதுவென்று பாருங்கள். அதைவிட 30 அடி மேலே காற்றாடி நிற்க வேண்டும். மரம் 40 அடி என்றால் கம்பம் 70 அடி. அந்தக் கம்பத்தின் செலவு காற்றாடியின் விலையைத் தாண்டலாம். மரமில்லாத மானாப்புல் முகடு இருந்தால் அதுதான் அதிர்ஷ்டம்.

பிறகு மரங்களைப் பாருங்கள். முகட்டில் தனியாக நிற்கும் மரத்தின் கிளைகள் ஒரே பக்கம் சாய்ந்து கொடி மாதிரி வளர்ந்திருந்தால், அங்கே வருடத்தில் பெரும்பகுதி பலமான காற்று உண்டு. அந்த மரம் பல வருடக் காற்றுக் கணக்கை உடம்பில் எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் வங்கிக்குப் போகும்போது மரத்தைக் காட்ட முடியாது. பதிவு செய்யும் காற்றுமானி ஒன்றைக் கம்பத்தில் ஏற்றி ஒரு வருடம் விடுங்கள். குறைந்தது ஒரு முழுத் தென்மேற்குப் பருவம், ஒரு முழு வடகீழ்ப் பருவம் கடக்க வேண்டும். நம் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைதான் காற்றின் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இன்னொரு சிறிய காலம். ஏப்ரலில் பல நாள் இலை அசையாது. ஜூலை மாதத்தில் மட்டும் அளந்து வருடத்துக்குப் பெருக்கிக் காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

கணக்கு

காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. இதை ஒருவர் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். காற்றாடியில் "1 கிலோவாட்" என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் வினாடிக்கு 11, 12 மீட்டர் வேகத்தில் கிடைக்கும் அளவு. உங்கள் இடத்தின் சராசரி வினாடிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள காற்றாடி அந்த வேகத்தில் தருவது ஏறக்குறைய 90, 95 வாட்தான். அதே காற்று 8 மீட்டர் என்றால் 380 வாட்டுக்குப் போகும்.

நம் உயரம் இன்னொரு துண்டை எடுத்துக்கொள்ளும். நுவரெலியா, அம்பேவெல உயரத்தில் காற்று மெலிந்தது. கடல் மட்டத்தைவிட 15 முதல் 20 வீதம் வரை அடர்த்தி குறைவு, உற்பத்தியும் அதே அளவு குறையும். மேலே நான் சொன்ன கணக்கில் அதைச் சேர்த்துவிட்டேன். விற்பனையாளர் தரும் அட்டவணை கடல் மட்டத்துக்கு எழுதியது. "ஆறாயிரம் அடிக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

95 வாட் மாதம் முழுவதும் இடைவிடாமல் கிடைத்தால் 68 யூனிட். உங்கள் பில்லில் மாதம் எத்தனை யூனிட் என்று எடுத்து இதன் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு காற்றாடி, கம்பம், அத்திவாரம், இன்வேர்ட்டர், மின்னல் பாதுகாப்பு, பூட்டும் கூலி எல்லாம் கூட்டி, வருடத்தில் மிச்சமாகும் ரூபாவால் வகுங்கள். பத்து வருடத்துக்கு மேல் வந்தால் அதே பணத்துக்குச் சோலார் போடுவதுதான் புத்தி. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனால் கடன்பட்டு ஏமாறுவதைப் பார்த்த பிறகு வேறு மாதிரிச் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டையும் சேர்த்து வைப்பது நம் மலைக்கு நன்றாகப் பொருந்தும். மழைமூட்டமாய் இருக்கும் ஜூன், ஜூலையில் சோலார் படுத்துவிடும், அப்போதுதான் காற்று எழும். இரவிலும் காற்று அடிக்கும்.

எந்த முறையில் இணைப்பது?

நெட் மீட்டரிங் 2010ல் வந்தது. வெயிலுக்கு மட்டுமான முறை அல்ல இது, காற்று உட்பட மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களுக்கு உரியது. நீங்கள் அனுப்பிய யூனிட் எடுத்த யூனிட்டைவிடக் கூடினால், மிச்சம் அடுத்த மாதக் கணக்குக்குப் போகும். காசாகக் கிடைக்காது.

2016 செப்டம்பரில் கூரைச் சோலாருக்கான அரசின் 'சூரிய பல சங்ராமய' திட்டம் தொடங்கியபோது காசு தரும் இரண்டு முறைகள் சேர்ந்தன. மிச்சத்துக்குக் காசு, அல்லது உற்பத்தி முழுவதற்கும் காசு. அன்றைய விலை முதல் 7 வருடத்துக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15.50 ரூபா. 2022ல் புதியவர்களுக்கு 37 ரூபா வரை ஏறி, பிறகு இறங்கியது. இந்த விலைகள் எல்லாம் கூரைச் சோலாருக்குப் பேசியவை. "சோலாருக்குத் தருகிற விலை உங்கள் காற்றாடிக்கும் வரும்" என்று யாராவது சொன்னால், அதை மின்சார அலுவலகக் கடிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

விலை மாறும்போது ஏற்கெனவே கையெழுத்திட்டவரின் ஒப்பந்தம் வேறு, புதிதாகப் போகிறவரின் விலை வேறு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்பதை வைத்துக் கடன் எடுக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தத் திகதியில் என்ன விலை என்பதே கணக்கு.

விண்ணப்பம் கொடுத்ததும் உங்கள் பகுதி ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தோட்டப் பக்கம் கம்பி நீளம், ட்ரான்ஸ்போமர் சின்னது. "இடமில்லை" என்ற பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். நியாயமில்லை என்று பட்டால், மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிட அந்தக் கடிதம் வேண்டும். மீட்டரின் இணைப்புத் திறனைத் தாண்டிய அளவுக்கும் அனுமதி கிடைக்காது.

கம்பியோடு இணைத்த இன்வேர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி அமைத்தது. ஆனால் காற்றாடி நிற்காது. சுமை இல்லாமல் வேகம் பிடித்துச் சுற்றி உடைந்துபோகும். அந்த நேரத்தில் சக்தியை எரித்துவிடும் தனிச் சுமையும் பிரேக்கும் விலைப்பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். மலையில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பணம், சுங்கம்

வங்கிக்குப் போகும்போது உங்கள் பில், காற்றளவு அறிக்கை, விலைப்பட்டியல், மின்சார அலுவலகத்தின் கொள்கையளவிலான சம்மதக் கடிதம் நான்கும் வேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் வந்த சலுகைக் கடன் கூரைச் சோலாருக்கானது. காற்றுக்கு அந்தப் பெயரில் கடன் கேட்டால் இல்லை என்பார்கள், மனம் உடைய வேண்டாம். சிறு தொழில் கடன், பசுமைக் கடன் என்று வங்கிக்கு வங்கி வேறு பெயர்களில் கேளுங்கள். பிணை கேட்கும் இடத்தில்தான் காணி உறுதி இல்லாத குறை மறுபடி வரும். கூட்டுறவுச் சங்கம் வழியாக, ஆள் பிணையில் எடுப்பது நம் ஆட்களுக்கு இலகு.

வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால், காற்றாலை மின்பிறப்பாக்கித் தொகுதிக்கு உலக சுங்கக் குறியீடு 8502.31. விலைப்பட்டியலில் இந்த இலக்கம் இருக்கட்டும். வெறுமனே "மோட்டார், இரும்புச் சாமான்" என்று எழுதி வந்தால் வேறு தலைப்பில் வரி விழும். கம்பமும் பேட்டரியும் தனித் தலைப்பில் போகும். அன்றைய வரி வீதத்தைச் சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு முற்பணம் அனுப்புங்கள்.

பெரிய திட்டம் நம் மலைக்கு வந்தால்

ஒருநாள் ஒரு கம்பனி உங்கள் தோட்டத்து முகட்டை அளக்க வரலாம். மன்னாரில் நிற்கிற அளவு காற்றாலை இங்கே ஏறாது. அதன் இறக்கை ஒன்று 60 மீட்டருக்கு மேல், ரம்பொடை வளைவுகளில் அந்த லொறி திரும்புமா? அம்பேவெல அளவில் வரலாம்.

அப்போது நடக்கும் முறையைத் தெரிந்திருங்கள். வலுசக்தி அதிகார சபையிடம் முதலில் தற்காலிக அனுமதி, எல்லாத் திணைக்களச் சம்மதமும் கிடைத்த பிறகு வலுசக்தி அனுமதிப் பத்திரம். மீள்புதுப்பிக்கத்தக்க நிலையம் 50 மெகாவாட்டைத் தாண்டினால் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம். நம் பக்கம் அளவு சிறிதானாலும் காட்டு எல்லைக்கு 100 மீட்டருக்குள் வந்தால், அல்லது மண்ணரிப்புப் பகுதி என அறிவித்த இடமானால், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நடைமுறைக்குள் வரும். ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றும் 2010 முதல் உலக மரபுரிமை. 5000 அடிக்கு மேலே காட்டை வெட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு 1873லேயே பேசப்பட்டது. முழு மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாள்தான் நம்முடையது.

என்ன கேட்கலாம்? பாதை யாருடைய லயத்துக்குப் பின்னால் வெட்டப்படுகிறது, மண் எங்கே கொட்டப்படுகிறது, குடிநீர் ஊற்றுக்கு என்ன ஆகும், காவல்காரர் வேலை மட்டுமா அல்லது நம் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பப் பயிற்சியும் உண்டா என்று கேளுங்கள். வருமானத்தில் ஒரு பங்கு தோட்ட மக்களின் சங்கத்துக்கு வருமா என்றும் கேளுங்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கு ஆறு திரும்பியபோது தலவாக்கலையில் நம் ஆட்கள் வீடு மாறினார்கள். லக்ஸபான மின் நிலையமும் காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் நம் பள்ளத்தாக்குகளில்தான் இருக்கின்றன. அந்த மின்சாரம் கொழும்புக்குப் போய்ப் பல காலம் கழித்துத்தான் லயத்துக்கு வந்தது. காற்றிலும் அப்படி நடக்க விடக்கூடாது என்பது என் ஆசை.

தகவல் கேட்கும் உரிமை

கடிதத்துக்குப் பதில் வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை. "எங்கள் பிரிவில் காற்றுத் திட்டத்துக்குத் தற்காலிக அனுமதி யாருக்காவது வழங்கப்பட்டதா?" என்று ஒரே வரி போதும்.

தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்தின் சில பிரிவுகளிலும் பிரதேச செயலகங்கள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. "சிங்களத்தில் எழுதிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு, அதே தமிழ் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

எப்போது தொடங்குவது?

மார்ச் மாதத்தில். அப்போது மழை குறைவு, கம்பம் ஏற்றலாம், காற்றும் படுத்திருக்கும். மார்ச்சில் காற்றுமானி ஏறினால் மே மாதத்தில் வரும் முதல் காற்று பதிவாகும், அடுத்த மார்ச்சில் ஒரு முழு வருடக் கணக்கு கையில் இருக்கும். அந்த வருடத்துக்குள் மீட்டர்ப் பெயரையும் தோட்டக் கடிதத்தையும் முடித்துவிடலாம். முதல் நாள் மின்சார அலுவலகத்துக்குப் போகும்போது கடைசி மூன்று மாத பில், அடையாள அட்டைப் பிரதி, வீடு நிற்கும் இடத்தின் கைவரைபடம் மூன்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு, காலை எட்டரைக்கு முன் போய் வரிசையில் நில்லுங்கள்.